திறந்த வாயிலும் சுங்கமும்: பல்கலைக்கழகப் பதிப்பு உடன்படிக்கைகள் பற்றி ஓர் ஆய்வு

முன்னுரை

நூல் ஒன்றினை ஆராயப் புகுவோர் அதன் பாயிரத்தை முதற்கண் நோக்குதல் தமிழ் மரபு. ஆக்கியோன் யார், நூலின் பெயர் யாது, அது வழங்கும் எல்லை யாது, அதனைக் கேட்டற்கு உரியார் யாவர், கேட்டலால் எய்தும் பயன் யாது என்றாங்கு வினவி விடை கண்ட பின்னரே உரையாசிரியர்கள் நூலினுட் புகுந்தனர். இவற்றை நன்னூலார் சிறப்புப் பாயிரத்தின் இலக்கணத்துள் வைத்து எண்ணியமை யாவரும் அறிந்ததே. இவ்வினாக்கள் இலக்கண இலக்கியங்களுக்கு மட்டும் உரியன அல்ல. அறிவு வழங்கும் நெறியை வரையறுக்கும் ஆவணம் எதனையும் இவற்றைக் கொண்டு அளந்தறியலாம்.

இக்காலத்தில் அந்நெறியைப் பெரிதும் வரையறுப்பன, பல்கலைக்கழகங்களும் ஆய்விதழ்ப் பதிப்பகங்களும் தம்முட் செய்துகொள்ளும் உடன்படிக்கைகள். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை யார் படிக்கலாம், யார் வெளியிடலாம், உரிமை யாரிடத்துத் தங்கும், பொருள் யார் கொடுத்தல் வேண்டும் என்பவற்றை முடிவு செய்வன அவையே. நூலகத்தாரும் பொருளியலாரும் இவற்றை விலை பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளனர். சொல்லும் பொருளும் ஆராய்தலைத் தொழிலாகக் கொண்ட யாம், இவ்வுடன்படிக்கைகளின் பெயரும் எல்லையும் கேட்போரும் பயனும் தம்முட் பொருந்துவனவா என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லின் தோற்றம்

'திறந்த அணுகல்' என்னும் கருத்து வரையறை பெற்றது 2002-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த புடாபெஸ்ட் அறிக்கையாலாகும். ஆய்வுக் கட்டுரையை இணையவழி எவரும் விலையின்றிப் படிக்கவும், படியெடுக்கவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை உண்டு. ஆசிரியர்க்குத் தம் எழுத்துச் சிதையாமற் காக்கும் உரிமையும், தம் பெயர் குறிக்கப்பெறும் உரிமையும் இருந்தால் அமையும். இதுவே அவ்வறிக்கையின் சாரம். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த பெர்லின் அறிக்கையும் இதனை வழிமொழிந்தது.

இங்குக் குறிக்கத்தக்கது ஒன்று உண்டு. புடாபெஸ்ட் அறிக்கை இக்குறிக்கோளை அடைதற்கு இரு நெறிகளைக் கூறிற்று. ஆசிரியர் தம் கட்டுரையின் படியொன்றைத் தாமே பொதுச் சேமகத்தில் வைத்தல் ஒன்று. சந்தா வாங்காத புதிய இதழ்களை நிறுவுதலும், பழைய இதழ்கள் அந்நிலைக்கு மாறத் துணைநிற்றலும் மற்றொன்று. சந்தாவை விடாமலே வைத்துக்கொண்டு, தனிக் கட்டணம் செலுத்தப்பட்ட கட்டுரைகளை மட்டும் திறந்துவைக்கும் கலப்பிதழ்முறை அவ்விரண்டனுள் ஒன்றன்று. ஆயினும் பின்வந்த உடன்படிக்கைகள் பெரும்பாலும் இக்கலப்பிதழ்களையே நிலைக்களனாகக் கொண்டன.

அதற்குக் காரணமும் உண்டு. ஆய்விதழில் எழுதுவோர்க்குப் பதிப்பகம் ஊதியம் தருவதில்லை. கட்டுரையின் தகுதி ஆராயும் அறிஞர்க்கும் பெரும்பாலும் தருவதில்லை. இவ்விரு சாராரையும் புரக்கும் பல்கலைக்கழகமே, அவர்கள் ஆக்கியதனை மீண்டும் சந்தா கொடுத்து வாங்கி வந்தது. 1990-களின் இறுதி முதல் பதிப்பகங்கள் தம் இதழ்களையெல்லாம் ஒரு பொதியாகக் கட்டி விற்கத் தொடங்கின. வேண்டுவனவும் வேண்டாதனவும் ஒருசேர வந்தன. விலையோ மறைபொருளாக இருந்தது. எல்செவியர் பதிப்பகம் வாசிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு செய்த ஒப்பந்தத்தை ஆய்வாளர் கேட்டபொழுது, அதனை வெளிப்படுத்தலாகாது என அப்பதிப்பகம் 2009-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்துத் தோல்வியுற்றது. பொதுப்பொருள் கொண்டு வாங்கிய ஒன்றன் விலையைப் பொதுமக்கள் அறிதற்கு நீதிமன்றம் துணைவர வேண்டியிருந்தது என்பது எண்ணத்தக்கது.

2. ஜெர்மானிய உடன்படிக்கை

2015-ஆம் ஆண்டில் மேக்ஸ் பிளாங்க் மின்னூலகத்தார் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டனர். உலகம் ஆய்விதழ்ச் சந்தாவிற்காக ஆண்டுதோறும் ஏறத்தாழ 760 கோடி யூரோ செலவிடுகின்றது. அத்தொகையையே வெளியீட்டுச் செலவாகத் திருப்பிவிட்டால் எல்லாக் கட்டுரைகளையும் திறந்துவைத்தல் கூடும். புதுப்பொருள் தேட வேண்டுவதில்லை என்பது அதன் துணிபு. படித்தற்குக் கொடுத்த பொருளை வெளியிடுதற்குக் கொடுப்பதாக மாற்றும் உடன்படிக்கைகட்கு இக்கருத்தே வித்தாயிற்று. அவை 'உருமாற்ற உடன்படிக்கைகள்' எனப் பெயர் பெற்றன.

ஜெர்மனி நாட்டின் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களுமாக ஏறத்தாழ எழுநூறு, 'டீல்' என்னும் கூட்டமைப்பின்வழி ஒன்றுபட்டு, 2019-ஆம் ஆண்டு சனவரியில் வைலி பதிப்பகத்தோடு உடன்படிக்கை செய்தன. கலப்பிதழில் வெளிவரும் கட்டுரை ஒன்றிற்கு 2,750 யூரோ கட்டணம் என்றும், கட்டுரை உலகினர் அனைவர்க்கும் திறந்திருக்கும் என்றும், வைலி இதழ்களை 1997-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிப் படிக்கும் உரிமை உறுப்பு நிறுவனங்கட்கு உண்டென்றும் அது வகுத்தது. 2020-ஆம் ஆண்டில் ஸ்பிரிங்கர் நேச்சர் பதிப்பகத்தோடும், 2023-ஆம் ஆண்டில் எல்செவியர் பதிப்பகத்தோடும் இக்கூட்டமைப்பு உடன்படிக்கை செய்தது.

இவ்வுடன்படிக்கையின் சிறப்புக்களை முதலில் கூறுதல் நடுவுநிலைமையாகும். வைலி உடன்படிக்கையின் வாசகம் மறைக்கப்படாமல் 2019-ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. எழுநூறு நிறுவனங்கள் தனித்தனி நின்று விலை பேசாமல் ஒருகுரலாகப் பேசின. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் ஆண்டுதோறும் எல்லார்க்கும் திறக்கப்பட்டன. ஊர்ப்புற ஆசிரியர், மருத்துவர், வேற்று நாட்டு மாணவர் என நூலகச் சந்தாவின் நிழலில் இல்லாத பலர் இவற்றாற் பயன் எய்தினர் என்பதில் ஐயமில்லை.

3. கலிபோர்னிய உடன்படிக்கை

அமெரிக்காவின் ஆய்வு வெளியீடுகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினை அளிக்கும் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் எல்செவியரோடு செய்திருந்த ஒப்பந்தம் 2018-ஆம் ஆண்டின் இறுதியில் முடிவுற்றது. புதிய நெறிக்குப் பதிப்பகம் இசையாமையால் 2019 பிப்ரவரியில் பேச்சு முறிந்தது. அவ்வாண்டு சூலையில் புதிய கட்டுரைகளைப் படிக்கும் வழி அடைபட்டது. இரண்டாண்டுப் பிரிவுக்குப் பின்னர், 2021 மார்ச்சில் நான்காண்டு உடன்படிக்கை ஒன்று அறிவிக்கப்பட்டது.

அதன் அமைப்பு ஜெர்மானிய உடன்படிக்கையினும் வேறுபட்டது. வெளியீட்டுக் கட்டணத்தின் முதல் 1,000 டாலரை நூலகமே செலுத்தும். எஞ்சியதனை ஆசிரியர் தம் ஆய்வு நல்கையிலிருந்து செலுத்துவர். நல்கையில்லாதார்க்கு முழுத்தொகையையும் நூலகம் ஏற்கும். பெரும்பாலான இதழ்கட்குக் கட்டணத்தில் நூற்றுக்குப் பதினைந்து தள்ளுபடியும் உண்டு. இம்முறையில் எழுதுவோர் கண்ணுக்கு விலை புலனாகின்றது. ஜெர்மானிய முறையிலோ விலை கூட்டமைப்புக்கும் பதிப்பகத்திற்கும் இடையே தீர்க்கப்படுதலின், எழுதுவோர் அதனை உணர்தற்கு இடம் குறைவு. விலை அறியாதவன் விலை பற்றி வழக்காடான். ஆதலின் இவ்வொரு கூற்றில் கலிபோர்னிய உடன்படிக்கையே சிறந்ததென யாம் கருதுகின்றோம்.

4. எல்லை

இனி, எல்லை யாதென வினவுவோம். இவ்வுடன்படிக்கைகளின்படி ஒரு கட்டுரை திறக்கப்படுதற்கு அதன் பொருட்சிறப்புக் காரணமன்று. படிப்போரின் தேவையும் காரணமன்று. பதிப்பகத்தோடு கடிதப் போக்குவரத்து நிகழ்த்தும் தொடர்பாசிரியர் எந்நிறுவனத்தைச் சார்ந்தவர் என்பதே காரணம். ஒரே இதழில், ஒரே பொருள் பற்றி, அடுத்தடுத்த பக்கங்களில் இரு கட்டுரைகள் வருகின்றன எனக் கொள்வோம். ஒன்றன் ஆசிரியர் உடன்படிக்கையுடைய பல்கலைக்கழகத்தார், அது திறந்திருக்கும். மற்றதன் ஆசிரியர் உடன்படிக்கையில்லாத சிறு கல்லூரியார், அது அடைந்திருக்கும். ஐவர் சேர்ந்து எழுதிய கட்டுரையும் தொடர்பாசிரியர் மாறிய அளவிலே திறந்தோ அடைந்தோ போகும்.

இதனால் விளைவது யாது? செல்வம் மிக்க நாட்டாரின் கருத்துக்கள் உலகெங்கும் தடையின்றிப் பரவுகின்றன. ஏனையோர் கருத்துக்கள் சந்தாச் சுவரினுள் கிடக்கின்றன. எளிதிற் கிடைப்பதே மிகுதியும் படிக்கப்படும். மிகுதியும் படிக்கப்படுவதே மேற்கோளாக எடுத்தாளப்படும். படிப்போர்க்கு முன்னர் நின்ற சுங்கச்சாவடி எழுதுவோர்க்கு முன்னர் இடம்பெயர்ந்துள்ளது என்பதே உண்மை. 2,750 யூரோ என்பது இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை. ஆய்வு நல்கையின்றி ஒரு கல்வெட்டினையோ ஒரு சொல்லின் வரலாற்றினையோ ஆராயும் அறிஞர் அதனைத் தாமே செலுத்துதல் இயலாது. வறிய நாட்டினர்க்குப் பதிப்பகங்கள் கட்டணச் சலுகை அளிப்பதுண்டு எனின், உரிமையாகப் பெறுதல் வேறு, விண்ணப்பித்துச் சலுகையாகப் பெறுதல் வேறு என்க. மனிதவியல் துறைகளில் நல்கை பெறாது எழுதுவோர் பலர் ஆதலின் இக்குறை அத்துறைகளையே மிகவும் தாக்கும்.

5. பெயரும் பொருளும்

'உருமாற்றம்' என்னும் பெயர் காரணப்பெயராக இடப்பட்டது. பழைய சந்தா இதழ்கள் முழுதும் திறந்த இதழ்களாக மாறும். இவ்வுடன்படிக்கை அதற்கு இடைக்காலப் பாலமாகும் என்பதே அக்காரணம். பெயருக்கேற்ற பொருள் விளைந்ததா என்பதனை ஆராய்தற்கு இரண்டு சான்றுகள் உள.

முதலாவது, ஐரோப்பிய ஆய்வு நல்கையாளர் கூட்டமைப்பு தரும் சான்று. 2018-ஆம் ஆண்டில் 'எஸ் திட்டம்' வகுத்த இக்கூட்டமைப்பு, படிப்படியாகத் திறந்த இதழாக மாறுவதாக உறுதி கூறிய இதழ்களைத் தன் திட்டத்தில் ஏற்றுக்கொண்டது. அவற்றுள் நூற்றுக்கு 68 இதழ்கள் குறித்த அளவினை எட்டாமையால் நீக்கப்படும் என்று 2023-ஆம் ஆண்டில் அறிவித்தது. உருமாற்ற ஏற்பாடுகளுக்குப் பொருளுதவி செய்வதனையும் 2024-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திக்கொள்வதாகக் கூறிற்று. இரண்டாவது, பிரிட்டனின் 'ஜிஸ்க்' அமைப்பு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பாய்வு. 2018 முதல் 2022 வரை இதழ்கள் மாறிய வேகத்தைக் கணக்கிட்டு, அவ்வேகத்திலே சென்றால் ஐந்து பெரும் பதிப்பகங்களின் இதழ்கள் முற்றும் மாறுதற்குக் குறைந்தது எழுபது ஆண்டுகள் ஆகும் என அது கண்டது.

எழுபது ஆண்டு நிற்கும் பாலத்தை இடைக்காலப் பாலம் என்றல் பொருந்தாது. சந்தாவும் கட்டணமும் ஆகிய இருவகை வருவாயும் தரும் கலப்பிதழை ஒரு பதிப்பகம் தானே முன்வந்து கைவிடும் என எதிர்பார்த்தற்கு வாணிக முறையில் யாதொரு காரணமும் இல்லை. பழைய சந்தாச் செலவே புதிய விலைக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டமையின், பழைய விலையின் மிகையும் புதிய பெயரில் தொடர்ந்தது. ஆகவே 'உருமாற்றம்' என்பது இவ்வுடன்படிக்கைகட்குக் காரணப்பெயராகத் தோன்றி இடுகுறிப்பெயராக முடிந்தது என்பது எம் துணிபு.

6. இந்தியாவின் நெறி

இந்நாட்டின் முயற்சி இவற்றினின்றும் வேறுபட்டது. 'ஒரு நாடு, ஒரே சந்தா' என்னும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024-ஆம் ஆண்டு நவம்பரில் இசைவு தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகட்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, மத்திய மாநில அரசுகளின் ஆட்சியில் உள்ள 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்களைச் சேர்ந்தோர் படிக்கலாம் என்பது திட்டம். பெருநகர நிறுவனங்களுக்கும் சிற்றூர்க் கல்லூரிகளுக்கும் இடையே இருந்த வேற்றுமையை இது பெரிதும் குறைக்கும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி மாணவர் முன்னர்ப் பெயரளவில் அறிந்திருந்த இதழ்களை இனித் தாமே படித்தல் கூடும். இப்பயன் பெரிது.

ஆயினும் இது திறந்த அணுகல் அன்று, பெருகிய சந்தாவேயாம். அரசு நிறுவனங்களைச் சாராத ஆய்வாளர் இவ்வெல்லைக்குப் புறத்தே நிற்கின்றனர். நம் நாட்டு ஆசிரியர் அவ்விதழ்களில் எழுதும் கட்டுரை பிறநாட்டு வறிய மாணவர்க்கு இத்திட்டத்தால் திறக்கப்படுவதில்லை. தெரிந்தெடுத்த திறந்த இதழ்களில் எழுதுவோரின் கட்டணத்திற்கென ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் வரை உதவி உண்டென அறிவிக்கப்பட்டது. அவ்வுதவியும் சுங்கத்தை நாமே முன்வந்து செலுத்துவதாகும், சுங்கத்தை நீக்குவதாகாது. ஜெர்மனி எழுதும் வாயிலை விலைக்கு வாங்கிற்று. இந்தியா படிக்கும் வாயிலை விலைக்கு வாங்கிற்று. வாயிலின் திறவுகோல் இரண்டிடத்தும் பதிப்பகத்தார் கையிலேயே உள்ளது.

7. ஆக்கியோனும் உரிமையும்

இங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது என்பார்க்கு, ஆக்கியோன் யார் என்னும் பாயிர வினாவினையே விடையாகக் காட்டுவோம். கட்டுரையை ஆக்கியோர் பல்கலைக்கழக ஆசிரியர். அவர் தம் உரிமையைப் பதிப்பகத்திற்கு முழுதும் எழுதிக் கொடுத்த பின்னரே, அதனைத் திரும்பப் பெறுதற்கு உடன்படிக்கை வேண்டியதாயிற்று. ஆதலின் பல்கலைக்கழகம் பதிப்பகத்தோடு உடன்படுதற்கு முன்னர்த் தன் ஆசிரியரோடு உடன்படுதல் வேண்டும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் கருத்தன்று. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் கலை அறிவியற் புலத்தார் 2008-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இதனை வாக்களித்து நிறைவேற்றினர். ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் ஆய்வுக் கட்டுரைகளை ஊதியம் கருதாது வழங்கும் உரிமையைப் பல்கலைக்கழகத்திற்கு முன்கூட்டியே அளித்தனர். வேண்டாதார் விலக்குக் கேட்டுப் பெறவும் வழி வைத்தனர். 2009-ஆம் ஆண்டில் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகமும், 2013-ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் இந்நெறியை மேற்கொண்டன. மாசச்சூசெட்சுக் கழகம் 2019-ஆம் ஆண்டில், தன் ஆசிரியர் பதிப்புரிமையை இழத்தலாகாது என்பது உள்ளிட்ட கொள்கைகளை வகுத்து, அவற்றிற்கு இயையாமை கண்டு 2020 சூனில் எல்செவியரோடு நிகழ்த்திய பேச்சினை முடித்துக்கொண்டது. உரிமை கையில் உள்ளவன் வேண்டாம் என்று கூறவும் வல்லன் என்பதற்கு இது சான்று.

பதிப்புத்தொழிலுக்குப் பொருள் வேண்டாவோ எனின், வேண்டும். செப்பஞ்செய்தலும் பேணிக்காத்தலும் உழைப்பின்றி நிகழா. ஆயின் அப்பொருளைக் கட்டுரைக்கு இத்துணை எனத் தண்டுதல் ஒன்றே வழியன்று. 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் கையொப்பம் இட்டு உதவிய அன்பர்களின் துணை கொண்டே அப்பெரும்பணியைத் தொடங்கினார். பலர் சிறிது சிறிதாகக் கொடுத்த பொருளால் ஒரு நூல் தமிழுலகிற்கே உரியதாயிற்று. இக்கையொப்ப முறையோடு ஒப்பிடத்தக்க ஒன்றனை ஆனுவல் ரெவ்யூஸ் என்னும் பதிப்பகம் 2020-ஆம் ஆண்டு முதல் கைக்கொண்டது. நூலகங்கள் போதிய அளவு வழக்கம்போற் சந்தா செலுத்தினால் அவ்வாண்டின் இதழ் எல்லார்க்கும் திறக்கப்படும். எழுதுவோர் எதுவும் கொடுக்க வேண்டுவதில்லை. 2023-ஆம் ஆண்டில் அப்பதிப்பகத்தின் 51 இதழ்களும் இம்முறைக்கு வந்தன. பிரேசில் நாட்டில் 1998-ஆம் ஆண்டில் தோன்றிய 'சைலோ' அமைப்போ பொதுப்பொருளைத் துணையாகக் கொண்டு, இலத்தீன் அமெரிக்க இதழ்களைத் திறந்த நிலையில் வெளியிடுதற்கு வழிவகுத்தது. தமிழ்த்துறைகள் எழுதுவோரிடம் பொருள் பெறாது நடத்தும் இதழ்களும் இவ்வினத்தனவே. அவற்றை வறுமையின் அடையாளமாக எண்ணுதல் பிழை. எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் ஒருங்கே வாயில் திறந்துள்ள இதழ்கள் அவை.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், உருமாற்ற உடன்படிக்கைகள் படிப்போர்க்குப் பெரும்பயன் விளைத்தன என்பதும், அப்பயன் எழுதுவோரின் எல்லையைச் சுருக்கி எய்தப்பட்டது என்பதும், அவற்றின் பெயர் பொருளொடு பொருந்தாது போயிற்று என்பதும் போதரும்.

இனி உடன்படிக்கையில் ஒப்பமிடப் புகும் பல்கலைக்கழகம் எதுவாயினும், விலை எவ்வளவு என்னும் வினாவிற்கு முன்னர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். நம்மைச் சாராத எழுத்தாளர்க்கு இதனால் வாயில் திறக்குமா, அடையுமா? உடன்படிக்கை முடிவுற்ற மறுநாள் நம் கையில் எஞ்சும் உரிமை யாது? இதன் வாசகத்தை எவரும் படிக்குமாறு நாம் வெளியிடக் கூடுமா? இவற்றிற்கு நேரிய விடையில்லாத உடன்படிக்கை எத்துணைத் தள்ளுபடி தரினும் கொள்ளத்தக்கதன்று.

தமிழாராய்ச்சி பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நிகழ்வது. அதன் முடிபுகள் ஒரு நாட்டார்க்குத் திறந்தும் பிறிதொரு நாட்டார்க்கு அடைந்தும் கிடப்பின் ஆராய்ச்சி ஓருடலாக வளர்தல் அரிது. எனவே ஒவ்வொரு தமிழ்த்துறையும் தன் இதழைத் திறந்து வைத்தலோடு, தன் ஆசிரியரும் ஆய்வு மாணவரும் பிற இதழ்கட்கு உரிமை எழுதிக் கொடுக்குமுன் ஒரு படியினைத் தன் சேமகத்தில் வைக்கும் உரிமையையேனும் நிறுத்திக்கொள்ளுமாறு விதி செய்தல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கையொப்பமிடுமுன் ஆவணத்தைப் படிக்கும் வழக்கம் ஒன்றே வேண்டும். சொல்லாராய்ச்சி பயின்றார்க்கு அஃது அரிதன்று.